நிலக்கரி, சிமெண்ட், நெல் எல்லாவற்றுக்கும் ஒரே ஈர்ப்பு மாதிரி போட்டேன்; நெய்வேலி லிக்னைட் சென்னைக்கு ஓடுகிறது, என்ன தப்பு?

டெல்டாபையன்

வணக்கம். போக்குவரத்துத் திட்டமிடலில் எம்.இ. இரண்டாம் ஆண்டு. தமிழ்நாட்டு மாவட்டங்களுக்கு இடையே மொத்தச் சரக்குகள் எங்கிருந்து எங்கே எவ்வளவு போகின்றன என்று ஒரு மாதிரி கட்டி, எந்த ரயில் தடம் நெரியும், எந்தச் சாலை லாரிச் சுமையில் நொறுங்கும் என்று சொல்ல வேண்டும், இதுதான் ப்ராஜெக்ட். 38 மாவட்டம், வெளியே ஆறு மண்டலம் (ஆந்திரா–தெலங்கானா, கர்நாடகா, கேரளா, காரைக்கால், ஒடிசா, மற்ற வட மாநிலங்கள் மொத்தமாக ஒன்று), ஆக 44. சரக்கு ஐந்து: நிலக்கரி (லிக்னைட்டும் சேர்த்து), சிமெண்ட், நெல்–அரிசி, உப்பு, ஜல்லி–எம்சாண்ட்.

ஒவ்வொரு மண்டலத்துக்கும் உற்பத்தி இவ்வளவு, நுகர்வு இவ்வளவு என்று எடுத்து, இரு பக்கமும் கட்டுப்படுத்திய ஈர்ப்பு மாதிரி (உற்பத்தி, நுகர்வு பெரிதானால் ஓட்டம் கூடும், தூரம் கூடினால் குறையும் என்ற கணக்கு) போட்டேன். தூரம் கூடக் கூட அடுக்குக்குறி வேகத்தில் ஓட்டம் குறைவதாக வைத்து, சராசரி தூரம் ஒத்துப்போகும்வரை பீட்டாவை (அந்தக் குறைவின் வேகத்தைச் சொல்லும் எண்ணை) திருகினேன். அழகாக ஒருங்கி நின்றது. ஆனால் வந்த விடையைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. கடலூர் மாவட்டத்து லிக்னைட் சென்னைப் பக்கமும் தூத்துக்குடிக்கும் போகிறது. ஒடிசா நிலக்கரியில் பெரும்பங்கு திருவள்ளூரோடு நின்றுவிடுகிறது. எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து மேட்டூருக்கு ரயிலில் நிறைய நிலக்கரி போகிறது என்று தெரியும் என்பதால் திருவள்ளூர் மாவட்டத்துக்கு உற்பத்தி என்று ஒரு எண் கொடுத்திருந்தேன், கைடு பார்த்துவிட்டு "திருவள்ளூரில் எந்தச் சுரங்கம்பா இருக்கு?" என்று கேட்டார். பதில் இல்லை.

சிமெண்ட் பார்வைக்கு ஒழுங்காக இருக்கிறது, ஆனால் லாரிக்கு 20 டன் என்று வகுத்துச் சாலையில் ஏற்றினால், திருச்சி பக்கம் நாங்கள் எண்ணிய கனரக வண்டிகளில் பாதிதான் மாதிரியில் வருகிறது.

நண்பன் ஒருவன் ஈர்ப்பு மாதிரியை விட்டுவிட்டு நேரியல் திட்டமிடல் (மொத்தச் செலவு மிகக் குறைவாக வரும்படி பங்கிடும் கணக்கு) போடச் சொன்னான். போட்டேன். 44 × 44 = 1,936 கட்டத்தில் ஏறக்குறைய எல்லாமே பூஜ்யம். இரண்டில் எது சரி? ரயில்வே தவிர வேறு எங்கே உருப்படியான தரவு கிடைக்கும்?

அணிக்கோவை

தம்பி, இரண்டில் எது சரி என்பதை அப்புறம் பார்ப்போம். ஒவ்வொரு சரக்குக்கும் முதலில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த டன் இங்கிருந்து அங்கே போக வேண்டும் என்று முடிவெடுப்பது யார்? ஈர்ப்பு மாதிரி வேலை செய்வது ஆயிரம் பேர் தனித்தனியாக முடிவெடுக்கும் இடத்தில். காலையில் வேலைக்குப் போகிறவர்களுக்கு அது பொருந்தும். மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு எந்தச் சுரங்கத்திலிருந்து நிலக்கரி வர வேண்டும் என்பதை ஆயிரம் பேர் முடிவு செய்வதில்லை, ஒரு ஒப்பந்தத் தாள் முடிவு செய்கிறது. அங்கே மாதிரி கட்ட ஒன்றுமில்லை. தாளைப் பார்த்து அணியில் (எங்கிருந்து எங்கே எவ்வளவு என்ற அட்டவணையில்) எண்ணை எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம்.

உங்கள் லிக்னைட் சங்கதி இதில் இன்னும் எளிது. நெய்வேலியில் வெட்டுவதில் மிகப் பெரும்பகுதி கன்வேயரில் ஏறிப் பக்கத்து மின் நிலையத்துக்கே போய்விடுகிறது. ஈரப்பதம் அதிகம், வெப்பத்திறன் குறைவு, அதைத் தூரம் கொண்டுபோனால் தண்ணீரைத்தான் சுமக்க வேண்டும். மின்சாரமாகி வெளியே போவது கம்பியில் போகிறது, உங்கள் அணியில் அதற்கு இடமில்லை. மண்டலத்துக்குள்ளேயே தீர்ந்துபோகும் அந்தப் பங்கை உற்பத்தியிலும் நுகர்விலும் கழித்துவிட்டு, மிஞ்சுவதை மட்டும் மாதிரிக்குக் கொடுங்கள். நிலக்கரியையும் லிக்னைட்டையும் ஒரே சரக்காகச் சேர்த்ததும் தப்பு. நிலக்கரிக்குக் கட்டிய கொதிகலன் லிக்னைட்டை எரிக்காது.

அரியலூர் சுண்ணாம்புக் கல்லும் இதே கதைதான். ஒரு டன் கிளிங்கருக்கு (அரைத்தால் சிமெண்டாகும் கட்டிக்கு) ஏறக்குறைய ஒன்றரை டன் கல் வேண்டும், அதனால்தான் ஆலை கல்லுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. மாவட்ட அணியில் இந்த டன் தெரியவே தெரியாது, ஆனால் ஊர்ச் சாலையைக் கிழிப்பது அந்த டிப்பர்கள்தான். சாலைச் சேதம் சொல்ல வேண்டும் என்றால் அரியலூருக்கு மட்டுமாவது தனியாக ஒரு சின்ன வலையமைப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து திருவள்ளூர் சுரங்கம். (கைடுக்கு என் வணக்கம்.) ஒடிசாவில் தால்சர் பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து நிலக்கரி ரயிலில் 200 கிலோமீட்டர் அளவுக்கு ஓடி பாரதீப் துறைமுகம் சேர்கிறது, அங்கே கப்பல், எண்ணூரில் காமராஜர் துறைமுகத்தில் இறக்கம், அதில் ஒரு பங்கு பக்கத்திலேயே வடசென்னை அனல்மின் நிலையத்துக்கு, இன்னொரு பங்கு மறுபடி ரயிலில் மேட்டூருக்கு. ஒரே டன் நான்கு இடத்தில் பதிவாகிறது. ரயில்வே கணக்கில் இரண்டு, துறைமுகக் கணக்கில் இரண்டு (பாரதீப்பில் ஏற்றம், எண்ணூரில் இறக்கம்). நான்கையும் கூட்டினால் நிலக்கரி நான்கு மடங்காகிவிடும். நீங்கள் கட்ட வேண்டியது உற்பத்தி–நுகர்வு அணி: தால்சர் → மேட்டூர், இத்தனை டன், முடிந்தது. எந்த வழி, எங்கே கைமாற்றம் என்பது அடுத்த படி. இரண்டையும் ஒரே அணியில் குழப்பினால், "கப்பலை விட்டுவிட்டு நேரே ரயிலில் வந்தால் என்ன ஆகும்" என்ற கேள்வியை மாதிரியிடம் கேட்கவே முடியாது, ஏனென்றால் அதற்குத் தால்சரும் மேட்டூரும் உறவு என்றே தெரியாது. திட்டமிடுகிறவர்களுக்கு அந்தக் கேள்விதானே வேண்டும்?

கட்டணத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நம் ரயில்வே சரக்குக் கட்டணம் தூரம் கூடக் கூடக் கிலோமீட்டருக்கு மலிவாகும். நேரே ரயிலில் 1,500 கிலோமீட்டருக்கு மேல் வந்தால் அந்தச் சலுகை முழுதாகக் கிடைக்கும். ரயில்–கப்பல்–ரயில் என்று வெட்டினால் இரண்டு குறுந்தூரத் துண்டுகள், இரண்டுக்கும் தொடக்க விலை, மேலே துறைமுகத்தில் ஏற்றி இறக்கும் செலவு. ஆக, செலவு அணியில் வெறும் கிலோமீட்டர் போட்டால் தப்பான வழி மலிவாகத் தெரியலாம்.

பழைய_குட்ஸ்கார்டு

இப்போது டிரெயின் மேனேஜர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், எனக்கு என்னவோ குட்ஸ் கார்டுதான். ஓய்வு பெற்று ஒன்பது வருடம். கணக்கு எனக்குத் தெரியாது. ஆனால் ரயில் டன்னில் ஓடாது தம்பி, ரேக்கில், அதாவது முழு வேகன் தொடராக ஓடும்.

நிலக்கரி ஒரு ரேக் ஏறக்குறைய 4,000 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாதிரி ஒரு மாவட்டத்துக்கு மாதம் 700 டன் சிமெண்ட் ரயிலில் என்று சொன்னால், அப்படி ஒரு வண்டியே கிடையாது. முழு ரேக்கும் வேண்டும் என்று இன்டென்ட் (முன்பதிவு) போட ஆள் வேண்டும், போட்டாலும் இறக்குகிற குட்ஸ் ஷெட்டில் இடமும் லோடுமேன்களும் வேண்டும், குறித்த நேரத்துக்குள் இறக்காவிட்டால் டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஏறும். அதற்குப் பயந்தே பல வியாபாரிகள் லாரிக்குப் போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். சின்ன ஊர் ஷெட்டுகளில் மழை நாளில் சிமெண்ட் இறக்குவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ரயில் மலிவு என்கிற கணக்கு பிளாட்பாரத்தில் எப்படிக் கரைகிறது என்று.

இரண்டாவது, காலி ரேக். நிலக்கரி வருவது மேலே திறந்த பாக்ஸ்என் வேகன். சிமெண்ட், அரிசி, உரம் எல்லாம் மூடிய பிசிஎன். மேட்டூரில் நிலக்கரி இறக்கிய வண்டியில் திரும்பும்போது சங்ககிரி சிமெண்ட் மூட்டையைப் போட்டு அனுப்பலாமே என்று படித்த பிள்ளைகள் கேட்பார்கள். மேலே கூரை இல்லாத வண்டி அப்பா அது. காலியாகத்தான் திரும்பும், அதுவும் அவசரமாகத் திரும்ப வேண்டும், அங்கே அடுத்த லோடு காத்திருக்கும். தடம் நெரிகிறதா என்று பார்க்க வந்திருக்கிறீர்கள், தடத்தைப் பொறுத்தவரை காலி ரேக்கும் ஒரு ரயில்தான். நான்கு லோடு வந்தால் எட்டு என்று எண்ணுங்கள்.

நெல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்டு மொத்தத்தை 365-ஆல் வகுத்தால் நெல் உங்களை ஏமாற்றும். சம்பா அறுவடை முடிந்து கொள்முதல் நிலையங்களில் மூட்டை மலை மாதிரி சேரும்போது நீடாமங்கலத்திலும் தஞ்சாவூரிலும் ரேக் மேல் ரேக்காகக் கேட்பார்கள். அந்த இரண்டு மூன்று மாதம் வேகன் கிடைக்காது, மற்ற மாதம் ஷெட்டில் ஆடு மேயும்.

சங்ககிரிலாரி

மூன்று டாரஸ் லாரி வைத்து ஓட்டுகிறேன். உங்கள் வண்டி எண்ணிக்கை பாதியாக வந்ததற்குக் காரணம் மேலே கார்டு ஐயா ரயிலுக்குச் சொன்னதேதான். நீங்கள் காலி வண்டியை எண்ணவே இல்லை. அரியலூரில் சிமெண்ட் ஏற்றுகிற வண்டி அங்கே எப்படிப் போனது? பெரும்பாலும் காலியாகப் போனது. அரியலூருக்குள் போகிற லோடு என்று பார்த்தால் காரைக்காலிலிருந்து நிலக்கரி, ஜிப்சம், அப்புறம் அனல்மின் நிலையச் சாம்பல். சாம்பல் வருவது பல்க்கர் (மூடிய தொட்டி) வண்டியில், அதில் மூட்டை ஏற்ற முடியாது, அதனால் அதுவும் காலியாகத்தான் திரும்புகிறது. நிலக்கரி கொண்டுவந்த வண்டியைக் கழுவித் துடைத்து சிமெண்ட் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அதைக் கணக்கில் வைத்துத் திட்டம் போடாதீர்கள்.

சாம்பலைச் சரக்குப் பட்டியலில் சேர்க்காமல் விட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பிபிசி என்கிற சாம்பல் கலந்த சிமெண்டில் 35 சதவீதம் வரை சாம்பல் போடலாம். ஒடிசா நிலக்கரி எரிந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். மேட்டூர், எண்ணூர், தூத்துக்குடி எல்லாம் நிலக்கரிக்கு நுகர்வு இடம், சாம்பலுக்கு உற்பத்தி இடம். ஒன்றை வைத்து மற்றதைக் கணக்குப் போட்டுவிடலாமே.

டன்னேஜ். லாரிக்கு 20 டன் என்று ஒரே எண்ணை எங்கே பிடித்தீர்கள்? 2018 ஜூலையில் அச்சு எடை வரம்பை ஏற்றினார்கள், மூன்று அச்சு வண்டிக்கு மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆனது. அதற்கு முன்னால் எடுத்த சர்வேயில் இருக்கும் டன்னை இன்றைக்குப் பயன்படுத்தினால் வண்டி எண்ணிக்கை கூடித்தான் தெரியும். ஜல்லி, எம்சாண்டை எல்லாம் நாங்கள் டன்னில் பேசவே மாட்டோம், யூனிட்தான். ஒரு யூனிட் 100 கன அடி, எம்சாண்ட் என்றால் நாலரை டன் சுமாருக்கு வரும், ஈரத்தைப் பொறுத்து முன்பின் ஆகும்.

கடைசியாக ஒன்று, சர்வே எடுக்க நிற்கிற பிள்ளைகளுக்கு. டோல்கேட் பக்கத்தில் நிறுத்தி "எங்கிருந்து வர்றீங்க" என்றால் டிரைவர் புக்கிங் ஆபீஸ் இருக்கிற ஊரைச் சொல்வான், இல்லை நேற்று ராத்திரி தூங்கின ஊரைச் சொல்வான். "லோடு எங்கே ஏத்துனீங்க, எங்கே இறக்குறீங்க" என்று கேளுங்கள். ஒரு கல்லூரி சர்வேயில் என் வண்டி நாமக்கல்லில் சிமெண்ட் உற்பத்தி பண்ணியதாகப் பதிவாகியிருந்தது.

டெல்டாபையன்

காலி வண்டி என்ற ஒரு வரி மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. ஐயா, அண்ணா, இருவருக்கும் நன்றி.

மேட்டூரை வைத்து ஒரு சோதனைக் கணக்கு போட்டேன், சரியா பாருங்கள். நான்கு 210 மெகாவாட், ஒரு 600 மெகாவாட், ஆக 1,440. ஆண்டு சராசரியாக 70 சதவீதம் ஓடுகிறது என்று வைத்தால் சுமார் 880 கோடி யூனிட் மின்சாரம். யூனிட்டுக்கு 0.7 கிலோ நிலக்கரி என்றால் 62 லட்சம் டன். 4,000-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 1,550 ரேக், நாளைக்கு நான்கு சொச்சம். காலியும் சேர்த்தால் எட்டுக்கு மேல். இது எந்த ஈர்ப்பு மாதிரியும் இல்லாமல் காகிதத்தில் வந்துவிட்டது! மூன்று மாதம் பீட்டாவோடு மல்லுக்கட்டியது எதற்கு என்று இருக்கிறது.

சிமெண்டுக்குக் காலி வண்டியைச் சேர்த்ததும் பாதி என்று இருந்தது முக்கால்வாசிக்கு மேல் வந்துவிட்டது. ஆனால் நிலக்கரிக்கு ஒப்பந்தம், சிமெண்டுக்கு ஈர்ப்பு என்றால் நேரியல் திட்டமிடலை எங்கேதான் பயன்படுத்துவது?

கோட்டோவியன்

இந்த இழையில் எல்லோரும் சேர்ந்து எல்.பி.யை (நேரியல் திட்டமிடலை) ஓரங்கட்டிவிடாதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன்.

முதலில், பூஜ்யம் நிறைய வந்ததில் தப்பில்லை, அதன் இயல்பே அது. 44 புறப்பாடு, 44 சேருமிடம் என்றால் உகந்த விடையில் 44 + 44 − 1 = 87 கட்டத்துக்கு மேல் நிரம்பத் தேவையில்லை. மலிவான வழி ஒன்று இருக்கும்போது அது இரண்டாவது வழியை ஏன் தொட வேண்டும்? சிமெண்டுக்கு இது அபத்தம். அரியலூர் மூட்டை கோயம்புத்தூர் போகிறது, அதே நேரத்தில் கோவைக்குப் பக்கத்து மதுக்கரை மூட்டை திருச்சிக்கு வருகிறது, எதிரெதிரே இரண்டு லாரியும் கரூரில் டீ குடிக்கும். பிராண்டு, டீலர் கமிஷன், கடன் நாள், மேஸ்திரி சொல்கிற பெயர், இதெல்லாம் சேர்ந்து செய்கிற வேலை. எல்.பி. இந்தக் குறுக்கோட்டத்தை ஒருநாளும் தராது.

ஆனால் இரண்டும் வேறு வேறு சாதி இல்லை. 1967-இல் ஆலன் வில்சன் ஈர்ப்பு மாதிரியை என்ட்ரோபியிலிருந்து வருவித்துக் காட்டினார், 1973-இல் எவன்ஸ் பீட்டாவை முடிவிலிக்குக் கொண்டுபோனால் அதே மாதிரி போக்குவரத்து எல்.பி.யின் விடையாகிவிடும் என்று நிறுவினார். அதாவது பீட்டா என்பது "இந்தச் சரக்கு செலவுக்கு எவ்வளவு பயப்படுகிறது" என்று சொல்லும் திருகாணி. ஜல்லிக்கு அது மிகப் பெரிது, பக்கத்துக் குவாரியை விட்டு யாரும் தூரம் போக மாட்டார்கள், அங்கே எல்.பி.யே போதும். சிமெண்டுக்கு நடுத்தரம். ஐந்து சரக்குக்கும் ஒரே பீட்டா போட்டீர்களா, தனித்தனியா? தலைப்பைப் பார்த்தால் ஒன்றே என்று தோன்றுகிறது. அதுதான் முதல் பாவம்.

இந்தத் திருகாணியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. எஃகுக்கு 1956 தொட்டு 1990களின் தொடக்கம்வரை சரக்குக் கட்டணச் சமன்பாடு இருந்தது. ஆலை வாசலில் வாங்கினாலும் ஆயிரம் மைல் தள்ளி வாங்கினாலும் ஒரே விலை. அந்தக் காலத் தரவை வைத்துக் கணித்தால் பீட்டா பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும், தூரத்தைப் பற்றி யாருக்கும் கவலையில்லை என்று மாதிரி சொல்லும். உண்மையில் கவலை இருந்தது, பில் வேறு ஒருவருக்குப் போனது, அவ்வளவுதான். இன்றைக்கு யூரியா அப்படித்தான்: நாடு முழுக்க ஒரே விலை, கொண்டுபோகும் செலவை அரசு மானியத்தில் கொடுக்கிறது. உரத்தை எப்போதாவது உங்கள் பட்டியலில் சேர்த்தால் இதை மறக்காதீர்கள்.

எல்.பி.யின் உண்மையான பயன் நிலக்கரியில் இருக்கிறது. "இன்று எப்படி ஓடுகிறது" என்று கேட்டால் அது பொய் சொல்லும், "எப்படி ஓடியிருக்கலாம்" என்று கேட்டால் சொல்லும். எந்தச் சுரங்கம் எந்த மின் நிலையத்துக்கு என்ற இணைப்புகள் தூரத்தைப் பார்த்துப் போட்டவை அல்ல, அந்தந்த ஆண்டில் எங்கே நிலக்கரி மிச்சம் இருந்ததோ அங்கே கட்டியவை. 2014-இல் மத்திய அரசு இதற்கென்றே ஒரு குழு அமைத்து இணைப்புகளை மாற்றியடுக்கத் தொடங்கியது. ஆக, ஒப்பந்தப்படி உள்ள டன்–கிலோமீட்டர், எல்.பி. தரும் டன்–கிலோமீட்டர், இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் உங்கள் ஆய்வின் சுவையான அத்தியாயம். பாரதீப்பின் கையாளும் திறனை ஒரு கட்டுப்பாடாக வைத்து, அந்தக் கட்டுப்பாட்டின் நிழல் விலையை எடுத்துப் பாருங்கள். அங்கே கூடுதலாக ஒரு டன் கையாள முடிந்தால் மொத்தச் செலவு எவ்வளவு குறையும் என்று ஒரு எண் வரும். திட்ட அதிகாரிக்கு உங்கள் 1,936 கட்டங்களைவிட அந்த ஒரு எண் பயன்படும்.

அணிக்கோவை

கோட்டோவியன் சொன்னதில் முக்கால்வாசி ஒப்புக்கொள்கிறேன். ஜல்லிக்கு எல்.பி. போதும் என்பதில் மட்டும் சந்தேகம். மாநில எல்லையோரம் விலை, அனுமதி எல்லாம் கலந்து ஓட்டத்தை இழுக்கும், தூரம் மட்டும் அல்ல.

தரவு கேட்டீர்களே, அதைச் சொல்லிவிடுகிறேன். மின் நிலையம் வாரியாக நிலக்கரி வரவு, இருப்பு, செலவு எல்லாம் மத்திய மின்சார ஆணையம் தினமும் வெளியிடுகிறது, உங்கள் 70 சதவீத ஊகத்தை அங்கே சரிபார்த்துக்கொள்ளலாம். பெரிய துறைமுகங்களின் சரக்கு விவரம் இந்தியத் துறைமுகச் சங்கத்திடம். சிமெண்ட் ஆலைகளும் திறனும் இந்தியச் சுரங்கப் பணியகத்தின் ஆண்டு நூலில். மாநிலங்களுக்கு இடையே ரயிலில் போகும் சரக்கை வணிகப் புலனாய்வு, புள்ளிவிவரத் தலைமை இயக்ககம் கொல்கத்தாவிலிருந்து வெளியிடுகிறது. ரயில், ஆறு, விமானம் எல்லாம் உண்டு. சாலை மட்டும் இல்லை, நமக்கு வேண்டியது அதுதான்.

உடனே எல்லோரும் இ-வே பில் (சரக்கு கொண்டுபோக எடுக்கும் மின்னணு வழிச்சீட்டு) என்பார்கள். 2018 ஏப்ரலிலிருந்து இருக்கிறது, பின்கோடு உண்டு, சரக்குக் குறியீடு உண்டு, தங்கச் சுரங்கம்தான். ஆனால் தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சரக்குக்கு அது தேவையில்லை. ஒரு லாரி சிமெண்ட் அந்த வரம்பைத் தாண்டும், ஒரு லாரி ஜல்லி தாண்டாது. எடைக் கணக்கில் சாலையில் மிகப் பெரிய சரக்குகளில் ஒன்று அந்தத் தரவில் காணாமலே போய்விடும். ஜல்லிக்குக் கனிமவளத் துறையின் நடைச்சீட்டுதான் வழி, அதிலும் சீட்டு இல்லாமல் ஓடுவது வராது என்று சொல்லத் தேவையில்லை. இன்னொரு தொல்லை, பில் போடுகிற இடமும் சரக்கு ஏறுகிற இடமும் வேறாக இருப்பது. பில் முகவரியை எடுத்தீர்களானால் சென்னை அண்ணா சாலையில் சிமெண்ட் விளையும். அனுப்பும் இடம் என்று தனிக் கட்டம் உண்டு, அதை எடுங்கள்.

நெல்லை இரண்டாக உடையுங்கள். நெல் கொள்முதல் நிலையத்திலிருந்து அரவை ஆலைக்கு, அரிசி ஆலையிலிருந்து கிடங்குக்கு. ஆலை என்பது எடை மாறும் முனை: 100 டன் நெல் உள்ளே போனால் 68 டன் புழுங்கல் அரிசி வெளியே வர வேண்டும் என்பது அரசுக் கணக்கு. ரேஷன் பக்கத்தில் கடைவாரி ஒதுக்கீடு இருக்கிறது, அங்கேயும் யூகம் வேண்டாம். வெளிச்சந்தை அரிசிக்கு மட்டும் ஈர்ப்பு மாதிரி போடுங்கள். அப்புறம் ஒரு மலிவான தரவு மூலம், சிரிக்காதீர்கள்: டெல்டா மாவட்டப் பதிப்பு நாளிதழ்கள். "தஞ்சையிலிருந்து 2,000 டன் நெல் அரவைக்காக அனுப்பிவைப்பு" என்று எந்த ஊருக்கு, எத்தனை வேகன் என்பதோடு செய்தி வந்துகொண்டே இருக்கும். ஒரு பருவத்துக்குச் சேர்த்தால் சரிபார்ப்புக்கு நல்ல மாதிரி கிடைக்கும்.

டெல்டாபையன்

பீட்டா ஒன்றேதான் போட்டிருந்தேன். 😐 பிரித்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

இன்னும் ஒரே சந்தேகம். உப்பு. தூத்துக்குடியிலிருந்து கிளம்புகிறது, மாநிலம் முழுக்க நுகர்வு, ஒரே உற்பத்தி மண்டலம் மாதிரிதான். அதற்கு எந்த மாதிரி?

அணிக்கோவை

ஒரே இடத்திலிருந்து கிளம்பினால் பங்கிட என்ன இருக்கிறது? ஒவ்வொரு மாவட்டமும் எவ்வளவு வாங்குகிறதோ அவ்வளவுதான் ஓட்டம். ஆனால் சாப்பாட்டு உப்பை மட்டும் எண்ணாதீர்கள். ரசாயன ஆலை, தோல் பதனிடும் இடம் எல்லாம் அதைவிடப் பெரிய வாய். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்துக்கு மக்கள்தொகையை வைத்து உப்பு கொடுத்தால் பற்றாது. ராமநாதபுரம், மரக்காணம், வேதாரண்யத்திலும் உப்பளம் இருக்கிறது, அந்த அளவைப் பார்த்துவிட்டு ஒரே மண்டலமா என்று முடிவு செய்யுங்கள்.

சங்ககிரிலாரி

தூத்துக்குடி உப்புக்கு வடகிழக்குப் பருவமழையில் பாத்தி ஓடாது, சேர்த்து வைத்த குவியலிலிருந்துதான் லோடு. உற்பத்தி மாதமும் லோடு ஏற்றி அனுப்பும் மாதமும் ஒன்றில்லை. அப்புறம் உப்பு ஏற்றின வண்டியில் அடுத்த லோடு அரிசி ஏற்ற எவனும் சம்மதிக்க மாட்டான், துருவும் பிடிக்கும், அதனால் ரிட்டர்ன் லோடு விகிதத்தை உப்புக்குத் தனியாகப் போடுங்கள் தம்பி.